ஷிரகவாகோ, கொகயாமா பண்ணை வீடுகள்: உள்ளே போய் என்ன பார்ப்பது?

மலைப்பாதை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ஜப்பான் பயணப் பகுதியில் ஷிரகவாகோ படங்கள் நிறைய வருகின்றன. பெரும்பாலும் எல்லாமே ஷிரொயாமா மேட்டில் நின்று எடுத்தவை. கீழே ஊர், நடுவில் ஆறு, சுற்றிலும் மலை. அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வீடுகளுக்குள் போனவர்கள் எழுதியது மிகக் குறைவு. உள்ளே போய் உட்கார்ந்து பார்த்தவர்கள் எழுத ஓர் இடம் வேண்டும் என்றுதான் இந்த இழை.

புதிதாக வருபவர்களுக்காகக் கொஞ்சம் பின்னணி. கிஃபு மாநிலத்தில் ஷோ ஆற்றின் கரையில் இருப்பது ஒகிமாச்சி. ஷிரகவாகோ என்று நாம் சொல்வது பெரும்பாலும் இந்த ஊரைத்தான். அதே ஆற்றோடு வடக்கே இறங்கினால் தொயாமா மாநிலத்துக் கொகயாமா வரும். அங்கே ஐனொகுரா, சுகனுமா என்று இரண்டு சிற்றூர்கள். இந்த மூன்றும் சேர்ந்து 1995இல் யுனெஸ்கோ உலக பாரம்பரியப் பட்டியலில் ஏறின. கும்பிட்ட கைகளைப் போல இரண்டு பக்கமும் சரிந்து உச்சியில் சேரும் நாணல்புல் கூரை. அதனால்தான் கஷ்ஷோ வீடு என்கிறார்கள்.

ஒகிமாச்சியில் உள்ளே அனுமதிக்கும் வீடுகளில் பெரியது வாதா வீடு. எடோ காலத்தில் (1603–1868) ஊர்த்தலைமையும் சோதனைச்சாவடிப் பொறுப்பும் வகித்த குடும்பம். இன்றும் வீட்டின் ஒரு பகுதியில் அந்தக் குடும்பத்தார்தான் வசிக்கிறார்கள். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினால் இரோரி, அதாவது தரையிலேயே சதுரமாக வெட்டிய அடுப்பு. அப்பால் பாய் விரித்த அறைகள், புத்தர் பீடம் இருக்கும் அறை. இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க ஜோதோ ஷின்ஷு பௌத்தம் வேரூன்றிய இடம். வீட்டிலேயே நல்ல மரம், நல்ல வேலைப்பாடு எல்லாம் அந்த அறைக்குத்தான் போயிருக்கிறது.

பெரும்பாலானவர்கள் இத்தோடு திரும்பிவிடுகிறார்கள். தயவுசெய்து மாடிக்கு ஏறுங்கள். செங்குத்தான படி, பிடித்துக்கொண்டு ஏற வேண்டும். மேலே போனால் கூரையின் வயிற்றுக்குள் நிற்பீர்கள். புகையில் கறுத்துப் பளபளக்கும் உத்திரங்கள், அவற்றை இறுக்கிக் கட்டிய கயிறுகள், பட்டுப்பூச்சி வளர்த்த தட்டுகள். இவ்வளவு உயரமாக ஏன் கட்டினார்கள் என்று அங்கே நிற்கும்போதுதான் விளங்கும். மாடியெல்லாம் பட்டுப்பூச்சிக்கு. மனிதர்கள் புழங்கியது கீழே.

*

வாசுகி_ஒசாகா எழுதியது:

நல்ல இழை. ஒரு சந்தேகம். ஒரே வீட்டில் முப்பது நாற்பது பேர் கூட்டுக் குடும்பமாக வாழ்ந்தார்கள், அதனால்தான் நான்கைந்து மாடி என்று எங்கள் சுற்றுலா வழிகாட்டி சொன்னார். நீங்கள் சொல்வது வேறு மாதிரி இருக்கிறதே?

*

மலைப்பாதை எழுதியது:

வாசுகி, பெரிய குடும்பங்கள் இருந்தது உண்மை. ஆனால் அது ஷிரகவாவின் தெற்கில் இருக்கும் நகாகிரி பகுதியின் வழக்கம். மூத்த மகன் மட்டும் முறைப்படி மணம் முடித்து மனைவியை வீட்டுக்குக் கூட்டிவருவான். மற்றவர்கள் பிறந்த வீட்டிலேயே இருந்து உழைப்பார்கள். பிரித்துக் கொடுக்க நிலம் இல்லாத மலைச்சரிவு என்பதால் வந்த ஏற்பாடு. மிபோரோவில் இருக்கும் பழைய தோயாமா வீட்டுக்குப் போனால் அந்த வாழ்க்கையைப் பார்க்கலாம், அது இப்போது காட்சியகம். ஒகிமாச்சிக்கும் கொகயாமாவுக்கும் சேர்த்து இதையே பொதுவாகச் சொல்லிவிடுகிறார்கள். அது சரியல்ல.

*

உத்திரம் எழுதியது:

கட்டுமானத் துறையில் இருப்பவன் என்பதால் கூரையைப் பற்றி நான் சொல்கிறேன். கொஞ்சம் நீளமாகப் போகும்.

கீழ்த்தளமும் மேல்கூரையும் தனித்தனிக் கட்டுமானம். கீழே இருப்பது தேர்ந்த தச்சர்கள் செய்தது. பொருத்து வேலையெல்லாம் சுத்தமாக இருக்கும். அதற்கு மேலே வரும் முக்கோணம் ஊர்க்காரர்களே கட்டியது. அதில் ஆணி கிடையாது. எல்லாமே கட்டு. கயிற்றோடு நெசோ என்ற இளங்கொம்புகளையும் பயன்படுத்துகிறார்கள். மன்சாகு என்ற செடியின் கொம்பைப் பச்சையாக இருக்கும்போதே முறுக்கி மரத்தைச் சுற்றிக் கட்டிவிடுவார்கள். காயக் காயக் கட்டு இறுகும்.

அடுத்து, கூரையைத் தாங்கும் சாய்மரத்தின் கால். மாடியில் ஓரமாகக் குனிந்து பாருங்கள். அடிப்பகுதியைக் கூராகச் செதுக்கி, உத்திரத்தின் நுனியில் தோண்டிய குழியில் சும்மா நிறுத்தியிருப்பார்கள். இறுக்கிப் பூட்டியிருக்காது. காற்றோ பனியின் பாரமோ ஒரு பக்கமாக அழுத்தும்போது கூரை மொத்தமும் சற்றே அசைந்து கொடுத்துத் திரும்பிவிடும். கட்டுகளும் முறியாமல் நெகிழும். கணக்குப் போட்டுச் செய்ததல்ல. தலைமுறை தலைமுறையாகக் கட்டிப் பார்த்துக் கண்டுபிடித்தது. எனக்கு அந்த வீட்டிலேயே மிகவும் பிடித்த இடம் அதுதான்.

இன்னொன்று, வளைந்த உத்திரங்கள். மலைச்சரிவில் முளைக்கும் மரத்தைப் பனி கீழ்நோக்கித் தள்ளும். மரம் அதை மீறி நிமிரும். அடிமரம் வளைந்தே வளரும். அந்த வளைவை வெட்டி வீணாக்காமல் அப்படியே உத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

சாய்வு கிட்டத்தட்ட 60 பாகை. இரண்டு மீட்டருக்கும் மேல் பனி சேரும் ஊர். அதுவும் ஈரம் மிகுந்த கனமான பனி. கூரை தட்டையாக இருந்தால் தாங்காது. ஒகிமாச்சியில் கூரையின் முகடுகள் ஏறக்குறைய எல்லாமே வடக்குத் தெற்காக நிற்பதையும் கவனியுங்கள். பள்ளத்தாக்கில் காற்று அந்தத் திசையில்தான் ஓடுகிறது. குறுகிய பக்கம் மட்டும் காற்றை எதிர்கொள்கிறது. காலை வெயில் ஒரு சரிவுக்கு, மாலை வெயில் மறு சரிவுக்கு. இரண்டும் சமமாகக் காய்கின்றன.

*

நதிக்கரை எழுதியது:

எல்லாம் சரி. நான் சொல்வது பலருக்குப் பிடிக்காமல் போகலாம். ஒகிமாச்சி இன்று ஊராகவே இல்லை. நான் போன நாளில் ஒரு பேருந்துக் கூட்டம் போனால் அடுத்த கூட்டம். பெரிய தெருவில் பாதி வீடுகள் கடை, உணவகம். ஒருவர் வீட்டு வாசலில், துணி காயப்போட்ட இடத்தில் நின்று படம் எடுக்கிறார்கள். 1500 பேர் அளவில் இருக்கும் ஒரு கிராமத்துக்கு ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஆட்கள் வந்தால் எதைப் பாதுகாத்ததாக அர்த்தம்? கூரை இருக்கிறது, வாழ்க்கை போய்விட்டது. இதை நான் வருத்தத்தோடுதான் சொல்கிறேன்.

*

தொயாமாக்காரி எழுதியது:

நதிக்கரை அண்ணா, கூட்டம் பற்றிய உங்கள் வருத்தம் நியாயமானது. ஆனால் "வாழ்க்கை போய்விட்டது" என்பதை நான் ஏற்கவில்லை. இந்தப் பக்கத்திலேயே குடியிருக்கிறேன் என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

சுற்றுலா வரவில்லை என்றால் அந்த வீடுகளே இருந்திருக்காது. 1924இல் ஷிரகவா கிராமத்தில் கஷ்ஷோ வீடுகள் 300 அளவில் இருந்தன. 1961இல் அது 190. நடுவில் என்ன ஆனது? பட்டு விலை சரிந்தது. இளைஞர்கள் நகரத்துக்குப் போனார்கள். ஷோ ஆற்றில் அணைகள் கட்டினார்கள். மிபோரோ அணை 1961இல் முடிந்தபோது மேல்பள்ளத்தாக்கில் ஊர்களே தண்ணீருக்குள் போயின. மிஞ்சிய வீடுகளை நகரத்தார் விலைக்கு வாங்கிப் பிரித்துக்கொண்டு போய் உணவகமாக்கினார்கள். கசுரா என்ற சிற்றூர் மக்கள் 1967இல் ஊரையே காலி செய்துவிட்டு இறங்கினார்கள். ஒகிமாச்சியிலிருந்து ஆற்றுக்கு அக்கரையில் இருக்கும் திறந்தவெளிக் காட்சியகத்தில் நீங்கள் பார்க்கும் வீடுகளில் சில அவர்களுடையவை.

அந்த நிலையில்தான் 1971இல் ஒகிமாச்சி மக்கள் கூடி ஒரு சங்கம் வைத்தார்கள். விற்கக் கூடாது, வாடகைக்கு விடக் கூடாது, இடிக்கக் கூடாது. இந்த மூன்றும்தான் ஊர்க் கட்டுப்பாடு. 1976இல் அரசு பாதுகாப்புப் பகுதியாக அறிவித்தது அதற்குப் பிறகுதான். யுனெஸ்கோ வந்தது இன்னும் பல ஆண்டுகள் கழித்து. அரசு சொல்லிச் செய்ததல்ல. வெளியூர்க்காரருக்கு விற்றிருந்தால் கை நிறையப் பணம் கிடைத்திருக்கும். வேண்டாம் என்று ஒரு ஊரே முடிவெடுத்தது. ஒருவர் தன் வீட்டின் முன்பகுதியைத் தேநீர்க் கடையாக்கினால், அந்த வருமானத்தில்தான் பின்பகுதியில் அவர் குடும்பம் இருக்கிறது. அதைக் குறையாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை.

கூட்டத்தைக் கட்டுப்படுத்தவும் முயற்சி செய்கிறார்கள். குளிர்கால இரவு விளக்கொளி நிகழ்ச்சிக்கு 2019 முதல் முன்பதிவு இல்லாமல் போக முடியாது.

அமைதி வேண்டுமென்றால் கொகயாமாவுக்கு வாருங்கள். ஐனொகுராவில் இருபது கஷ்ஷோ வீடுகள், சுகனுமாவில் ஒன்பது. ஐனொகுராவில் ஊருக்குப் பின்னால் சரிவில் ஒரு காடு நிற்கும், கவனியுங்கள். பனிச்சரிவு ஊர்மேல் விழாமல் தடுப்பதற்காக அதில் மரம் வெட்டக் கூடாது என்று காலங்காலமாகக் கட்டுப்பாடு. பக்கத்திலேயே கூரைப்புல் வளர்க்கும் நிலமும் உண்டு. வீடு, புல், காடு மூன்றையும் ஒரே பார்வையில் பார்க்க முடிகிற இடம் அது.

*

உத்திரம் எழுதியது:

தொயாமாக்காரி அக்கா, அருமை. ஒன்று கேட்க வேண்டும். கூரை மாற்றுவது இப்போதும் ஊரே சேர்ந்துதானா?

*

தொயாமாக்காரி எழுதியது:

ஒகிமாச்சியில் இப்போதும் யூய் முறையில் சில கூரைகள் மாற்றுகிறார்கள். உன் வீட்டுக்கு நாங்கள் வருவோம், எங்கள் வீட்டுக்கு நீ வர வேண்டும் என்ற கணக்கு. யார் எத்தனை புல்கட்டு கொடுத்தார்கள், எத்தனை நாள் உழைத்தார்கள் என்று குடும்பங்கள் ஏடு எழுதி வைப்பார்கள். அப்பா வாங்கிய கடனை மகன் உழைத்து அடைப்பான். நூறு இருநூறு பேர் கூரைமேல் வரிசையாக நின்று ஒரே நாளில் ஒரு சரிவை முடிப்பதைப் பார்த்தால் மறக்க முடியாது. பெண்கள் சாப்பாட்டையும் பிறகு நடக்கும் விருந்தையும் பார்த்துக்கொள்வார்கள். அதுவும் பெரிய உழைப்பு, அதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை.

கொகயாமாவில் ஆட்கள் குறைந்துவிட்டதால் பெரும்பாலும் வனக் கூட்டுறவுச் சங்கத்துத் தொழிலாளர்கள் செய்கிறார்கள். செலவு அதிகம். பெரிய கூரை என்றால் ஒரு கோடி யென்னைத் தாண்டும். பெரும்பகுதி அரசு மானியமாக வருகிறது.

முன்பு ஒரு கூரை முப்பது நாற்பது ஆண்டு தாங்கும். இப்போது அவ்வளவு தாங்குவதில்லை. காரணம் இரோரி. நாள் முழுக்க விறகு எரிந்தால் புகை மாடிகளின் இடைவெளி விட்ட தரை வழியாக மேலே ஏறிக் கூரைப்புல்லை உலர்த்தும், பூச்சி வராது, கயிறும் உறுதியாகும். இன்று வீடுகளில் எரிவாயு அடுப்பு, மின்சார வெப்பமூட்டி. அடுப்பு அணைந்த வீட்டின் கூரை சீக்கிரம் கெடுகிறது. வாதா வீட்டிலோ, ஒகிமாச்சியில் உள்ளே அனுமதிக்கும் இன்னொரு வீடான காண்டா வீட்டிலோ புகை கண்ணைக் கரிக்கிறது என்று சிலர் முகம் சுளித்து வெளியே வந்துவிடுகிறார்கள். அந்தப் புகைதான் வீட்டைக் காப்பாற்றுகிறது. கொஞ்ச நேரம் பொறுத்து உட்காருங்கள்.

*

மலைப்பாதை எழுதியது:

இதைத்தான் நான் சொல்ல வந்தேன். நன்றி அக்கா. பாதுகாத்த வீடு என்றால் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்த பொருள் என்று நினைத்துக்கொண்டு போகிறோம். இந்த வீட்டைப் பூட்டி வைத்தால் கெட்டுப்போகும். தினமும் யாராவது தீ மூட்ட வேண்டும்.

தீ பற்றி இன்னும் ஒன்று. அடுப்புக்கு நேர் மேலே ஒரு பெரிய மரத்தட்டி தொங்கும். தீப்பொறி நேராகக் கூரைக்குப் போகாமல் தடுக்கவும், சூட்டையும் புகையையும் அறை முழுக்கப் பரப்பவும் அது. காண்டா வீட்டில் இடைமாடியில் ஒரு சின்னச் சன்னல் வைத்திருக்கிறார்கள். இரவில் மேலே இருந்தபடியே கீழே அடுப்புத் தீயைக் கண்காணிக்க. புல்கூரைக்கு அடியில் தீ எரிய விட்டுத் தூங்குகிறவர்களின் பயம் அந்தச் சன்னலில் தெரிந்தது. நான் அதன் முன்னால் வெகுநேரம் நின்றேன்.

ஊர் முழுக்கத் தண்ணீர்ப் பீரங்கிகள் பதித்திருக்கிறார்கள். ஒவ்வொரு இலையுதிர்காலத்திலும் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் திறந்து ஒத்திகை பார்ப்பார்கள். 2019 நவம்பரில் வாகன நிறுத்துமிடத்துக்கு அருகே கொட்டகை தீப்பிடித்தபோது, தீ ஊருக்குள் பரவாமல் இருக்க அவற்றை இயக்கினார்கள். அதனால் நடந்துகொண்டே புகைபிடிக்காதீர்கள். அங்கே அது சட்டத்துக்காக மட்டும் சொல்வதல்ல.

*

நதிக்கரை எழுதியது:

தொயாமாக்காரி சொன்ன 1971 முடிவு எனக்குப் புதிய தகவல். ஊர்க்காரர்களே எடுத்த முடிவு என்றால், கடை வைப்பதா வேண்டாமா என்பதையும் அவர்கள்தான் தீர்மானிக்க வேண்டும். அதை ஏற்கிறேன். ஆனால் போகிறவர்களுக்கு ஒரு பொறுப்பு உண்டு என்பதில் நான் மாறவில்லை. ஒரு மணி நேரம் நின்று படம் எடுத்து, குப்பையை அங்கேயே போட்டுவிட்டு வருவதைச் சுற்றுலா என்று சொல்ல முடியாது. ஊரில் குப்பைத்தொட்டி கிடையாது. கொண்டுபோனதைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

*

வெடியுப்பு எழுதியது:

என் பெயரைப் பார்த்தாலே தெரியும், நான் எதற்காக இந்த இழைக்குள் வந்தேன் என்று :)

கொகயாமா வீடுகளில் தரைக்கு அடியில் என்ன நடந்தது என்பதை யாராவது எழுதுவார்கள் என்று காத்திருந்தேன். இரோரி அருகே தரைக்குக் கீழே குழி தோண்டி, மண்ணோடு பட்டுப்பூச்சி எச்சத்தையும் யொமொகி போன்ற செடிகளையும் அடுக்கடுக்காகப் போட்டு மூடிவிடுவார்கள். ஆண்டுக்கு ஆண்டு கிளறிவிட்டு நான்கைந்து ஆண்டு புளிக்க விட்டால் அந்த மண்ணில் வெடியுப்பு ஊறும். அதைக் கரைத்து, காய்ச்சி, படிகமாக்குவார்கள். வெடிமருந்துக்கு முக்கியமான சரக்கு அது. வாங்கியது காகா அரசு, அதாவது கனசாவாவை ஆண்ட மயேதா குலத்தார். வெளியார் எளிதில் வர முடியாத மலைப் பள்ளத்தாக்கு என்பதால் ரகசியமும் காக்க முடிந்தது. இதே பள்ளத்தாக்குக்குத்தான் குற்றவாளிகளை நாடுகடத்தியும் அனுப்பினார்கள்.

அடுப்புச் சூடு தரைக்கடியில் மண்ணையும் வெதுவெதுப்பாக வைத்தது, மாடியில் பூச்சிகளையும் காத்தது. பூச்சியின் எச்சம் மீண்டும் குழிக்குள். ஒரு தீயை வைத்து எத்தனை வேலை! மெய்ஜி காலத்தில் (1868–1912) வெளிநாட்டு வெடியுப்பு மலிவாக வந்ததும் தொழில் படுத்துவிட்டது.

சுகனுமாவில் இதற்கென்றே ஒரு சிறிய காட்சியகம் இருக்கிறது. நிஷி-அகாவோவில் இருக்கும் இவாசே வீட்டையும் விடாதீர்கள். சேகரித்த வெடியுப்பை அரசுக்கு ஒப்படைக்கும் பொறுப்பில் இருந்த குடும்பம். ஐந்து அடுக்கு, சுமார் 300 ஆண்டு பழையது, கட்டி முடிக்கவே எட்டு ஆண்டு ஆனதாம். கெயாகி மரத்தைத் தாராளமாகப் போட்டிருக்கிறார்கள். ஒகிமாச்சிக் கூட்டத்தில் பாதிகூட இங்கே வராது.

*

மீனா_நகோயா எழுதியது:

படிக்கப் படிக்க ஆசையாக இருக்கிறது. அம்மா ஊரிலிருந்து வருகிறார். முழங்கால் வலி உண்டு, சுத்த சைவம். இரவு தங்க முடியுமா? எந்தப் பருவம் நல்லது? கார் இல்லை.

*

தொயாமாக்காரி எழுதியது:

மீனா, தாராளமாகத் தங்கலாம். இரண்டு இடத்திலும் குடும்பங்கள் நடத்தும் தங்கும் வீடுகள் உண்டு. கடைசிப் பேருந்து போனபிறகு ஊர் வேறு முகம் காட்டும், அதைப் பார்க்கத்தான் தங்க வேண்டும். அறைகளுக்கு நடுவே காகிதத் தடுப்புதான், பக்கத்து அறைப் பேச்சு கேட்கும். குளியலறை பொது. பல இடங்களில் ரொக்கம்தான் வாங்குவார்கள்.

சாப்பாடுதான் சிரமம். வழக்கமான இரவு உணவில் ஆற்றுமீன் வரும். காய்கறிக் குழம்பு என்று நினைப்பதிலும் தாஷி என்ற மீன்சாறு இருக்கும். பதிவு செய்யும்போதே தெளிவாக எழுதிக் கேளுங்கள். முடியாது என்றால் நேராகச் சொல்லிவிடுவார்கள். ஒத்துக்கொண்டால் நன்றாகவே சமைத்துத் தருவார்கள், ஏனென்றால் ஹோவொன்கோ என்ற மத விழாவின்போது சைவ விருந்து வைக்கும் பழக்கம் இந்தப் பக்கம் இருக்கிறது. மலைக்கீரைகள், காளான், அப்புறம் கொகயாமா தோஃபு. கயிற்றில் கட்டித் தூக்கிப் போகலாம், அவ்வளவு கெட்டி.

பருவம் என்றால், அம்மா வருவதால் குளிர்காலம் வேண்டாம். பனியில் பாதை வழுக்கும். மே கடைசியில் வயலில் தண்ணீர் நிற்கும்போது வாருங்கள், அல்லது அக்டோபர் கடைசி.

வழி: நகோயாவிலிருந்து நேரடிப் பேருந்து உண்டு. தகயாமாவிலிருந்து ஒகிமாச்சிக்கு 50 நிமிடம், கனசாவாவிலிருந்து ஒன்றேகால் மணி நேரம். ஒகிமாச்சியிலிருந்து தகாவோகா போகும் பேருந்து சுகனுமாவிலும் ஐனொகுரா முகப்பிலும் நிற்கும். நாளுக்குச் சில வண்டிகள்தான், நேரம் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள்.

*

உத்திரம் எழுதியது:

அவ்வளவு தூரம் அம்மாவை அலைக்க முடியாது என்றால் வேறு வழியும் இருக்கிறது மீனா. தோக்கியோ பக்கம் போவதாக இருந்தால் கவசாகியில் நிஹோன் மின்காயென் இருக்கிறது. 1967இல் திறந்த வீட்டுக் காட்சியகம். ஷிரகவா, கொகயாமா வீடுகளையே பிரித்துக் கொண்டுவந்து மீண்டும் கட்டியிருக்கிறார்கள். தன்னார்வலர்கள் இரோரி மூட்டுவார்கள். யொகொஹாமாவில் சங்கெய்யென் தோட்டத்தில் இருக்கும் யானொஹாரா வீடு மிபோரோ அணைக்காக இடம் பெயர்த்த வீடு. ஊரும் மலையும் இல்லாமல் வீடு மட்டும் நிற்பது எனக்குக் கொஞ்சம் வெறுமையாகத்தான் இருந்தது. ஆனாலும் கட்டுமானத்தை நிதானமாகப் பார்க்க நல்ல இடங்கள்.

*

மீனா_நகோயா எழுதியது:

இல்லை, ஊருக்கே போகிறோம். அம்மாவிடம் படித்துக் காட்டினேன், படி ஏற முடியாவிட்டாலும் அடுப்பருகே உட்கார்ந்துகொள்கிறேன் என்கிறார். அக்டோபர் கடைசியில் ஐனொகுராவில் தங்கலாம் என்று இருக்கிறேன். இரோரி அருகே தரையில் உட்காருவதுதான் அவருக்குக் கஷ்டம்.

*

தொயாமாக்காரி எழுதியது:

பதிவுக் கடிதத்தில் நாற்காலி வேண்டும் என்றும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். இங்கே வீட்டுக்காரர்களுக்கும் வயதாகிவிட்டது, அதனால் குட்டை நாற்காலி பல வீடுகளில் இருக்கிறது. ஜப்பானிய மொழியில் எழுத உதவி வேண்டுமென்றால் தனிமடல் போடுங்கள். சைவம், நாற்காலி, கீழ்த்தள அறை மூன்றையும் சேர்த்து நானே எழுதித் தருகிறேன்.